குணா எனக்கு என்ன முறை?

1. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நான், துணைப்பாடமாக மொழியியலை எடுத்தேன்.
2. எங்கள் தோட்டத் தொழிலாளர்கள் பேசும் தமிழில் உள்ள உறவுச் சொற்களைச் சேகரிக்க, விடுமுறையில் வீட்டுக்கு வந்தேன்.
3. பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி கேட்டேன்.
4. அவர்கள் தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டார்கள்.

மூன்றாவதை மட்டும் கொஞ்சம் விரிக்க வேண்டும். என் மானம் போனது அங்கேதான்.

கேட்பவர் தன்னையே உதாரணமாக வைத்துக் கேட்டால் பதில் இயல்பாக வரும் என்று விரிவுரையாளர் சொல்லியிருந்தார். (கல்யாணமாகாத பெண் கேட்டால் கூடவே என்ன வரும் என்று அவர் சொல்லவில்லை.) பாக்கியம் ஆண்டி வீட்டில் கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, ஆய்வாளர் முகத்தோடு கேட்டேன்.

"ஆண்டி, உங்கள நான் அத்தைன்னு கூப்பிட்டா, குணா எனக்கு என்ன முறை?"

குணா அவருடைய மகன். பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர்.

ஆண்டி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "கட்டிக்கிற முறைதாம்மா," என்றார். கண் கலங்கியிருந்தது. கேள்வி நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டோடு ஆண்டியும் அவர் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் குணா.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தார். "என்னடி செஞ்சு வச்ச? நாளைக்கு பாக்கியத்தோடதானே நான் வேன்ல வேலைக்குப் போவணும்! வேணாம்னு சொன்னா என் மூஞ்சில முழிப்பாளா?"

எனக்கும் அதுதான் பயம். என் துணைப்பாடத்தால் இவர்கள் சிநேகிதம் அறுந்துவிடக் கூடாது. வெளியே வந்து பதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆண்டி, அது பாடத்துக்காகக் கேட்டது."

"நீ இஞ்சினியருக்குத்தானே படிக்கிற? வெக்கமா இருந்தா சொல்லு லா, பொய் சொல்லாத."

ஆதாரத்துக்கு ஒலிப்பதிவையே போட்டேன். (இதையும் நானேதான் யோசித்தேன்.) வீடு முழுக்க என் குரல்: "குணா எனக்கு என்ன முறை?" ஆண்டியின் கணவர் கைதட்டினார்.

குணா எழுந்தார். "அம்மா, எனக்கு திரிங்காப்ல ஆள் இருக்கு. பூந்தோட்டத்துல வேலை செய்யுது."

ஆண்டி தட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதார். "பாத்தியா, உம்மகள ஏமாத்திட்டான்!"

அம்மா அந்த வாய்ப்பைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அழுவாத லா. எம்மவ தாங்கிக்குவா."

நான் தாங்கிக்கொள்கிற முகத்தோடு நின்றேன்.

இப்போதைய நிலை இதுதான். குணாவுக்கு அந்தப் பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு மொழியியலில் 'பி' கிடைத்தது. அம்மாவும் ஆண்டியும் அதே வேனில் போகிறார்கள். வீட்டில் நான் எதைக் கேட்டாலும் அம்மா, "ரெக்கார்ட் பண்றியா?" என்கிறார். ஆண்டியோ, "பாவம், எம்மவன் ஏமாத்துன புள்ள," என்று தேத்தண்ணியில் பால் கூடுதலாக ஊற்றித் தருகிறார். நான் மறுப்பதில்லை.