லிங்கசாமி டைப் செய்கிறார்

காலை டீ நேரத்தில் வந்த பதிலைப் பார்த்ததும் அந்தோணிராஜ் கடித்த வடையை அப்படியே கீழே வைத்தான்.

"மூணு நாள் லீவு வேணும் சார். மகளுக்குச் சர்ச்சுல புதுநன்மை விழா. ஊருக்குப் போகணும்" என்று கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். முதலாளி லிங்கசாமி அன்று கம்பெனிப் பக்கம் வரவில்லை. வீட்டிலிருந்தபடியே ஒற்றைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அவ்வளவுதான்.

கூட்டிப் பெருக்க வருகிறவரிடம்கூட 'வாங்க, போங்க' போட்டுப் பேசுகிற மனிதர் அவர். போன வாரம் பழனிமுத்து லீவு கேட்டபோது "சரிங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்று எழுதியவர். அவரிடமிருந்து வெறும் விரலா? இதை மனுஷன் என்னவென்று எடுத்துக்கொள்வது?

"கோவமா இருப்பாரோ?" என்று, பனியன் செக்கிங் பார்க்கும் நதியாவிடம் போனை நீட்டினான்.

நதியா உற்றுப் பார்த்தாள். "அடுத்த வாரம் ஷிப்மெண்ட் இருக்குதுங்கண்ணா. சூப்பர்வைசரே லீவு கேட்டா? வெரலைப் பாருங்க, எப்படி வெறைச்சுக்கிட்டு நிக்குதுன்னு."

அந்தோணிராஜ் விரலைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தான். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, எட்டு வருஷத்தில் பிடித்த வேலை. அது போனால் மனைவி விஜயராணிக்கு என்ன பதில் சொல்வான்?

"சார், கோவமா?" என்று தட்டிவிட்டான். குரூப்பில் நூற்றிருபது பேர் இருப்பது அப்புறம்தான் உறைத்தது. பதறிப்போய் அழித்தான். எழுதியது போய்விட்டது. எதையோ அழித்தான் என்பது மட்டும் ஊரறிய அப்படியே நின்றது.

"ஐயோ, என்னமோ திட்டிப்போட்டு அழிச்சிட்டீங்கன்னுல்ல நெனைப்பாரு!"

"ஏ தாயி, எங்க ஊருப் பேச்சு வெட்டு வெட்டுன்னு இருக்கும். நீயே பணிவா நாலு வரி எழுதிக் குடு. அவருக்கு மட்டும் தனியா அனுப்புதேன்."

நதியா உருகி உருகி எழுதினாள். "ஐயா, எட்டு வருசமா எனக்குச் சோறு போட்டீங்க. அந்த நன்றியை உசுரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க. நான் அறியாமச் செஞ்ச தப்பை எல்லாம் மன்னிச்சுக்கோங்க. நீங்களும் உங்க குடும்பமும் நல்லா இருக்கோணும்."

அனுப்பினான். இரண்டு டிக்கும் நீலமாயின. 'டைப் செய்கிறார்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது, மறுபடி நின்றது. இருபது நிமிஷம் இதே கூத்து. பதிலைத்தான் காணோம்.

"என்னைத் தூக்குததுக்கு லெட்டர் எழுதுதாரு போலுக்கு" என்று முனகினான் அந்தோணிராஜ்.

இதற்குள் குரூப்பில் ஆளாளுக்குக் கேள்விக்குறி போட ஆரம்பித்திருந்தார்கள். சத்தத்தையாவது அடக்கலாமென்று எதையோ அமுக்கினான். சத்தம் அடங்கிவிட்டது. அவன்தான் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டான்.

"சுத்தமாப் போச்சுங்க" என்றாள் நதியா.

அடுத்த நொடி லிங்கசாமியிடமிருந்து போன். எடுத்தால் சீட்டுக் கிழிந்துவிடும். பயத்தில் போனையே அணைத்துப்போட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு அவிநாசியிலிருந்த முதலாளி வீட்டுக்குப் பறந்தான். லீவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், காலில் விழுந்தாவது வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கவுனைத் தினமும் எடுத்து எடுத்துப் பார்க்கும் மகளின் முகம் வழியெல்லாம் கண்ணுக்குள் நின்றது. பாவம் பிள்ளை என்று அழுகையே வந்துவிட்டது.

தெருமுனையிலேயே ஒரு மணி நேரம் தயங்கி நின்றுவிட்டுத்தான் பெல்லை அடித்தான். முதலாளியின் மனைவி சுப்பாத்தாள் கதவைத் திறந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க தம்பி, அவரு போன் பண்ணுனா எடுக்க மாட்டீங்களா?"

"அம்மா, நான் ஊருக்கே போகலம்மா. என்னைய மட்டும் வேலையை விட்டு அனுப்பிராதீங்க!"

சுப்பாத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாங்க அனுப்புறமா? நீங்க வேற கம்பெனிக்குப் போறீங்கன்னு காலையில இருந்து மனுசன் பச்சத்தண்ணி குடிக்கலீங்க. பூவும் பழமும் வாங்கிக்கிட்டு உங்க ஊட்டுக்கே போயிட்டாரு. பத்து நாள் லீவும், ஊருக்குப் போக வர எங்க காரும் குடுத்தாத்தான் நீங்க திரும்பி வருவீங்கன்னு உங்க ஊட்டுக்காரம்மா கறாராச் சொல்லிப்போட்டாங்களாமுங்க!"