கழித்தல் குறியும் தேர்வுக் குழுவும்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் உயர்ந்தது குழு. எங்கள் கென்ய ஊரான கிசுமுவில் குழு அமைக்காமல் யாரையும் மணக்கவும் முடியாது, புதைக்கவும் முடியாது. ஆகவே மகள் அபோண்டியின் மடிக்கணினிக்கு இலவசக் கணித மென்பொருள் தேர்ந்தெடுக்க, என் வீட்டுக் கூடத்தில் ஒரு குழு அமைத்தேன்.

அபோண்டி பொறியியல் மாணவி. திங்களன்று ஒரு கட்டு வீட்டுக் கணக்குகளைச் செய்து ஒப்படைக்க வேண்டும். எண்ணை அல்ல, x, y என்ற எழுத்தையே வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் வேண்டும். விடுதியில் இணையம் கிடையாது. மாலைப் பேருந்துக்குள் நிறுவியாக வேண்டும்.

தலைவர் நான், கணித ஆசிரியர். செயலாளர் பக்கத்து வீட்டு ஒகோலா, இயற்பியல் ஆசிரியர். பொருளாளர் என் மனைவி அவினோ.

“இலவசத்துக்கு எதுக்குங்க பொருளாளர்?” என்றாள் அவினோ.

“பொருளாளர் இல்லாத குழுவை எவன் மதிப்பான், அபோண்டி அம்மா?” என்றார் ஒகோலா.

அபோண்டி எட்டிப் பார்த்தாள். “நானும் உட்காரட்டுமாப்பா?”

“நீ ‘பயனாளி’. நீ உட்கார்ந்தா நடுநிலை கெட்டுடும்.”

ஜெபம். தேநீர், எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டி. பிறகு நான் சொன்ன மென்பொருளையும் ஒகோலா சொன்னதையும் இறக்கி நிறுவி, இரண்டிடமும் ஒரே தொகையீட்டுக் கணக்கைக் கொடுத்தோம். என்னுடையது சைன் வர்க்கம் என்றது. அவருடையது கோசைன் வர்க்கம், முன்னால் கழித்தல் குறி என்றது.

“உம்மது பொய் சொல்லுது, வாத்தியாரே.”

“இயற்பியல்காரன் பிடிச்சது தோராயமாத்தான் சொல்லும். மண்டாசியைக் கீழே வையும்.”

“அவளையே கூப்பிட்டுக் கேளுங்களேன்” என்றாள் அவினோ.

“விதிமீறல்!” என்று இருவரும் கத்தினோம். அன்று நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இரண்டாவது, பொய் சொல்லும் மென்பொருளோடு பெண்ணை அனுப்பக் கூடாது என்பது. எது பொய் என்று தெரியாததால் இரண்டையும் கணினியிலிருந்து ‘ஏகமனதாக’ நீக்கினோம்.

பெட்டியோடு வந்த அபோண்டியிடம் தீர்மானத்தை வாசித்தேன். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“ரெண்டும் சரிதான்ப்பா. ரெண்டுக்கும் நடுவுல 1-ங்கிற எண்தான் வித்தியாசம். கடைசியில ‘+ C’ன்னு மாறிலியைச் சேர்த்தா ரெண்டும் ஒரே விடை. சீக்கிரம் மறுபடி இறக்குங்க.”

பொருளாளர் தன் முதல் அறிக்கையை அளித்தாள். “டேட்டா தீந்துபோச்சு.”

வெளியே பேருந்து ஒலி எழுப்பியது. அபோண்டி வெறும் கணினியோடு ஏறினாள்.

தொகையீட்டில் மாறிலியை விட்டுவிடும் பிள்ளைகளின் மதிப்பெண்ணை இரக்கமின்றி வெட்டுவது என் கொள்கை. இம்முறை விட்டவன் நான். மதிப்பெண் போவது அபோண்டிக்கு.