மலையைச் சுற்றிப் பாடம் படித்த ரவுண்டு

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களில் சாமியிடம் எதுவுமே கேட்காத ஆள் எங்கள் ரவுண்டு. அவன் சுற்றியது குரூப் ஃபோர் தேர்வுக்காக. நிஜப் பெயரை அவனே மறந்திருக்கக்கூடும்.

செங்கம் ரோட்டில் ஒரு மாடியறையில் தங்கி நாங்கள் இருவரும் சொந்தமாகப் படித்தோம். படித்தோம் என்பது கொஞ்சம் மிகை. நான் முதலில் எப்படிப் படிப்பது என்று சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்தேன். பிறகு கலர் கலராக ஹைலைட்டர் வாங்கினேன். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை மட்டும் முடித்திருந்தேன். அதில் மஞ்சள் பூசாத வரியே கிடையாது.

அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து போனில் சொல்லிவிட்டார்: "இந்த வாட்டி பாஸாவலன்னா பேசாம உரக்கடையில வந்து குந்து." உர மூட்டையைத் தூரத்தில் பார்த்தாலே எனக்குத் தும்மல் வரும்.

ரவுண்டும் என் அளவுக்குப் பின்தங்கியிருந்தான். ஆனால் வைத்தியம் வைத்திருந்தான்.

"ரூம்ல கட்டில் இருக்குதுடா. அதான் பிரச்சனை. கிரிவலம் கிளம்பிட்டா நடுவுல திரும்பக் கூடாது, முடிச்சுதான் ஆவணும். பாடத்தையும் அங்கயே வெச்சிக்கலாம்."

பாதையிலுள்ள எட்டு லிங்கங்களுக்கும் பாடம் ஒதுக்கினான். இந்திர லிங்கத்தில் வரலாறு, அக்னி லிங்கத்தில் புவியியல். கணக்கு எம லிங்கத்துக்குப் போனது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குபேர லிங்கத்துக்குப் பொருளாதாரம். லிங்கத்துக்கு முன்னால் நின்று தொடங்கினால்தான் பாடம் செல்லும்; அடுத்த லிங்கம் வரும்வரை அதுதான்.

விடிகாலையில் வெறுங்காலோடு கிளம்புவோம். அவன் படித்தால் தெருவுக்கே கேட்கும். ஒருநாள் அவன் பல்லவ மன்னர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக, ஒரு அம்மா கைகூப்பியபடி பின்னாலேயே வந்தார்.

"இது என்ன மந்திரம்ங்க தம்பி?"

"பல்லவருங்கம்மா."

"தெனம் சொன்னா நல்லதா?"

"ரெண்டு மார்க் வரும்ங்க."

தேர்வு நெருங்கும்போது பௌர்ணமி வந்து தொலைத்தது. குபேர லிங்கத்தருகே கூட்டம் எங்களை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. கால் தரையில் பட்டபோது லிங்கம் பின்னால் போயிருந்தது. நான் திரும்பினேன். ரவுண்டு சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"திரும்பக் கூடாதுடா."

"பொருளாதாரம்?"

"போச்சு. இனிமே முழுசா சுத்திதான் வரணும்."

அறையில் உட்கார்ந்து படித்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்குத் தோன்றவில்லை.

தேர்வுக்கு முந்தைய நாளை அவன் கணக்குக்கென்றே ஒதுக்கியிருந்தான். அவனுக்கு வராத பாடம் அது ஒன்றுதான். ஆனால் காலையில் என்னை எழுப்பினான். "பொருளாதாரத்துல நீ ரொம்ப வீக்குடா. வா, போலாம்."

"உன் கணக்கு?"

"எம லிங்கத்தாண்ட பாத்துக்கலாம்."

எம லிங்கத்தருகே நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் முள் எடுத்தான். கணக்கு அங்கேயே நின்றது. மீதித் தூரத்துக்கு என் பையை அவன் சுமந்தான், நான் நொண்டினேன். குபேர லிங்கம் தாண்டியதும் விடாமல் கேள்வி கேட்டான்.

தேர்வறையில் ஒவ்வொரு கேள்விக்கும் இந்திர லிங்கத்திலிருந்து மனதுக்குள் நடந்தேன். மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"காலு ஏம்பா ஆடுது?"

"நடந்துக்கிட்டிருக்கேன் சார்."

அதன் பிறகு அவர் என்னைத் தள்ளி நின்றே கண்காணித்தார்.

எனக்கு வேலை கிடைத்தது. ரவுண்டு கணக்கில் கோட்டை விட்டான். முடிவு வந்த அன்று அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"பொருளாதாரம் நல்லா போட்டியா?" என்றான்.

"எல்லாமே போட்டேன்டா."

"அப்ப சரி," என்று டீ சொன்னான்.

இப்போது அடுத்த தேர்வுக்கு மறுபடி நடக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போகிறேன், கணக்குக் கேள்வி கேட்பதற்கு. எனக்கு வேலை வேண்டும் என்றுகூட நான் சாமியிடம் கேட்டதில்லை. இப்போது ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று இவனுக்காகக் கேட்கிறேன். பக்கத்தில் இவன் போடுகிற சத்தத்தில் அது சாமி காதில் விழ வேண்டுமே என்பதுதான் என் கவலை.