டீக்கன் வீட்டுக்கு வந்த லாட்டரிப் பணம்

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான நெல்டா அக்காவுக்கு,

தம்பி டெல்மர் ஜார்ஜியாவிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் டெஸ்ஸாவும் கோழிகளும் தேவ கிருபையால் சுகம். எல்லைக்கு அந்தப் பக்கம் அலபாமாவில் தாங்களும் மச்சானும், மச்சானின் முழங்காலும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நிற்க. சென்ற செவ்வாயன்று மாநில அரசிடமிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. முதல் வார்த்தையே 'வாழ்த்துகள்'. அரசாங்கம் நம்மை வாழ்த்துகிறது என்றால் எங்கோ ஏதோ இடிக்கிறதே என்று உஷாராகி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். டெஸ்ஸா நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளாம், ஜார்ஜியாவிலேயே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் ஃபீஸை மாநிலமே கட்டுமாம், எல்லையைத் தாண்டினால் ஒன்றும் கிடையாதாம். பல்கலைக்கழகம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்தான். ஞாயிறு ஆராதனைக்கு வந்துவிடலாம். என் மனைவி மாவிஸ் கண்ணை மூடிய பிறகு இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்று இருப்பது டெஸ்ஸா ஒருத்திதான், அக்கா. அவளும் போய்விட்டால் நான் கோழிகளோடுதான் பேச வேண்டும். அவள் பக்கத்திலேயே இருப்பாள் என்றதும் எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் நீ போன் செய்தாய், நானும் விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, அது அரசாங்கம் லாட்டரி வித்துச் சேர்த்த பணம்டா. சபை ஊழியம் செய்யற ஒரு டீக்கன் அதைத் தொடலாமா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாமலா? இருபது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் எல்லையோரப் பெட்ரோல் பங்க் வாசலில் லாட்டரி பாவம் என்று அச்சடித்த கைப்பிரதியோடு நின்று, டிக்கெட் வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அந்தப் பணம் பிள்ளைகள் படிப்புக்குப் போகிறது என்று யார் சொன்னாலும் 'சுத்தப் பொய்' என்று சபை நடுவில் முழங்கியவன். இப்போது அந்தப் பொய் உண்மையாகி, என் பெண் பெயர் போட்டு, என் தபால் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன் என்று டெஸ்ஸாவிடம் சொன்னேன். அவள் முட்டையை உரித்துக்கொண்டே, "தாராளமா எழுதுங்கப்பா. நான் அலபாமாவுக்கே படிக்கப் போயிடறேன். அத்தை வீட்டு மாடி ரூமுக்கு பெயின்ட்கூட அடிச்சாச்சாம்," என்கிறாள்.

பெயின்டா? எப்ப அடிச்சே? அங்கதான் எனக்குப் பொறி தட்டிச்சு. என் டீக்கன் பதவி மேல உனக்கு என்னைக்குக்கா இவ்வளவு அக்கறை? நான் கௌரவம் பாத்து உதவித்தொகையை உதறணும், பொண்ணு உன் வீட்டுக்கு வந்துடணும், அதானே திட்டம்? இன்னொண்ணும் கேக்கறேன். மாசா மாசம் முதல் வெள்ளிக்கிழமை இங்க வர்றியே, பங்க்ல விக்கிற வேகவச்ச கடலைக்காகன்னு சொல்றியே, உங்க ஊரைச் சுத்தி கண்ணுக்கெட்டின தூரம் கடலைக்காடுதானே? போன தடவை உன் காரோட சீட் பெல்ட்டை ரிப்பேர் பண்றப்போ சீட்டெல்லாம் வெள்ளிப் பொடி. கடலைத் தோலு வெள்ளி கலர்லயா இருக்கும்? அலபாமால லாட்டரி கிடையாது, அதான் எல்லை தாண்டி வந்து டிக்கெட் மேல இருக்கிற வெள்ளிப் பூச்சைச் சுரண்டிட்டுப் போறே! நான் நிக்கிற சனிக்கிழமையை விட்டுட்டு வெள்ளிக்கிழமையாப் பாத்து வர்றே! பங்க் கல்லாவுல உக்கார்ற ட்ரீனாகிட்டயே கேட்டுட்டேன். "உங்கக்காவா டீக்கனய்யா? பத்து டிக்கெட், ஒரு பொட்டலம் கடலை. தவறவே மாட்டாங்க," ங்கறா. அதோட விட்டாளா? "நீங்க விரட்டி விட்டவங்க எல்லாரும் வாங்கியிருந்தா இன்னும் நாலு பிள்ளைங்க படிச்சிருக்கும்," னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டா.

ஆகையால் என் தீர்மானம் இதுதான். லாட்டரிப் பணமும் வேண்டாம், உன் மாடி அறையும் வேண்டாம். டெஸ்ஸா இங்கேயே ஏதாவது வேலை பார்க்கட்டும். நீயும் இனி எல்லை தாண்டி வர வேண்டாம். இதில் மாற்றமே கிடையாது.

மச்சானுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உன் வீட்டையும் வாசலையும், புதுப் பெயின்ட் அடித்த அந்த அறையையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் தம்பி,
டீக்கன் டெல்மர்

பி.கு.: இதை எழுதி மூன்று நாளாகியும் தபாலில் போடவில்லை. நேற்று டெஸ்ஸா உன் வீட்டுக்கு வரப் பெட்டி அடுக்க ஆரம்பித்தாள். மாவிஸின் போட்டோவையும் சுவரிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டாள். அந்த வெறும் சுவரைப் பார்த்ததும் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்று சனிக்கிழமை. வழக்கம்போல பங்க் வாசலில் நின்றேன். ஊன்றுகோல் வைத்த ஒரு பெரியவர் டிக்கெட் வாங்க வந்தார். அவர் உள்ளே போக நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். முதல் வெள்ளிக்கு நீ அவசியம் வா. கடலையை நான் வாங்கி வைக்கிறேன், உனக்கு உள்ளே வேறு வேலை இருக்கிறது.