ஐந்து மணிக்கு மாமனார் பேசினார்

மனைவியை ஏமாற்றியே தீருவது என்று அறிவிப்பாளர் ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு முடிவெடுத்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு துணிச்சல் அவருக்கு வந்ததே இல்லை.

வந்ததே இல்லை என்பது தவறு. வந்திருக்கிறது, பலித்ததில்லை. சர்க்கரை வியாதிக்காரர், கடையில் இனிப்பைத் தின்றுவிட்டு வாயை மூன்று தடவை கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார். அவள் அவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். "எத்தனை?" என்பாள். "ரெண்டு" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிடும். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்பதற்கு ஊரில் உற்பத்தியாகிற பொய்யெல்லாம் அவள் மேஜை வரைக்கும் வந்துதான் உயிரை விடும். அக்கம்பக்கத்தார் அவளை டீச்சர் என்பார்கள். அவரும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஆனால் இந்த முறை வேறு வழியில்லை. டீச்சர் தொற்று வார்டில் படுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்று காலை, அவர்களோடு இருந்த அவளுடைய அப்பா இறந்துபோனார்.

"மூச்சு இப்பத்தான் ஒரு நிலைக்கு வந்துட்டிருக்கு," என்று டாக்டரம்மா முந்தின நாள்தான் போனில் சொல்லியிருந்தார். "நல்ல சேதியா இருந்தாக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுங்க. அழ விட்டுடாதீங்க. அழுதாங்கன்னா மறுபடி மூச்சு விழுந்துடும். அப்புறம் நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அந்தக் கடைசி வாக்கியம் அறிவிப்பாளரின் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவள் வீடு திரும்பும் வரைக்கும் அப்பா உயிரோடு இருந்தாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, டீச்சர்கிட்ட எப்படிச் சொல்லப்போறீங்க?"

"சொல்லப்போறதில்லை."

"மறைக்கப்போறீங்களா?"

"ஆமா."

"டீச்சர்கிட்டயா?"

"ஆமாங்கறேன்."

"நீங்களா?"

அந்த 'நீங்களா'வும் அதோடு வந்த சிரிப்பும் அவரைச் சுட்டன.

"சிரிக்கிற நேரமில்லண்ணே. தெரியாம வந்துருச்சு. மன்னிச்சுக்குங்க," என்றாள் தையற்காரம்மா.

அவளுக்கு என்ன தெரியும்? பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க ஒலிக்கிற குரல் இவருடையது. அந்த வாக்கியங்களில் ஒன்றைக்கூட இவர் முழுசாகச் சொன்னதில்லை. ஊர்ப்பெயர்கள், எண்கள், 'நடைமேடை', 'புறப்படும்', 'தாமதமாக' எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேசிப் பதிந்து வைத்திருந்தார். வேண்டியபோது வேண்டியதை வெட்டி ஒட்டுவார். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்பதை ஒரு ஜலதோஷ நாளில் பதிந்துவிட்டார். பத்து வருஷமாக ஊரே அந்த ஜலதோஷத்தோடுதான் பஸ் ஏறியது. ஒட்டு மட்டும் ஒருவருக்கும் தெரிந்ததில்லை. ஊரடங்கு வந்து பஸ்களெல்லாம் பணிமனைக்குள் போன பிறகு, அந்தக் கைவேலைக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று அவர் நினைக்கவில்லை.

மாமனார் எடைக்கல் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, முப்பத்தாறு வருஷம் ஊரார் தராசில் குறை தேடியவர். ஓய்வு பெற்றதும் அவருக்குக் கைவசம் மிஞ்சியது ஒரு மாப்பிள்ளைதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. நாக்கு வலது பக்கத்தைச் சேர்ந்தது போலிருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊரடங்கில் பணிவிடைக்கு வந்துகொண்டிருந்த பெண் நின்றுபோனாள். டீச்சரே எல்லாம் பார்த்தாள். பிறகு டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துவதற்குள் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டு மணிக்கொரு தடவை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைங்க. முதுகு புண்ணாயிடக் கூடாது. அவர் என்ன சொன்னாலும் காதில போட்டுக்காதீங்க."

முதல் நாள் வெந்நீரில் துணியை நனைத்து முதுகைத் துடைத்தார்.

"மாமா, சூடு சரியா இருக்கா?"

"யாருக்கு? எனக்கா, இறகு பிடுங்கற கோழிக்கா?"

மறுநாள் ஆற வைத்துக் கொண்டுபோனார்.

"ஏன் மாப்பிள்ளை, இன்னிக்கே என்னைப் பனிக்கட்டியில வெச்சுடலாம்னு பார்க்கறீங்களா?"

கஞ்சி ஒரு நாள் கல்லாக இருந்தது, ஒரு நாள் கால்வாயாக ஓடியது. சரியாக இருந்த நாளில் கரண்டி சரியில்லை.

வார்டில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் போன் பேச விடுவார்கள். இவருடைய போனை ஸ்பீக்கரில் போட்டு மாமனாரின் தலையணை ஓரம் வைப்பார். வருகிற பேச்சையெல்லாம் தானாகப் பதிந்துகொள்ளும்படி அந்தப் போனை அமைத்து வைத்திருந்தார். தொழில் புத்தி.

"அப்பா, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேம்மா. உன் வீட்டுக்காரர் கையில அகப்பட்டும் இருக்கேன்."

"என்ன பண்ணார்?"

"ஷேவ் பண்ணிவிட்டார். என் முகத்தில பாதி அவர்கிட்டதான் இருக்கு. வந்து வாங்கிக் குடு."

டீச்சர் சிரிப்பாள். சிரிப்பு இருமலாகும். இருமல் அடங்கினதும் மறுபடி சிரிப்பாள். பதினோரு நாளில் அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அவள் குரலில் உயிர் இருந்தது. அந்தச் சிரிப்புக்காகத் தினமும் வேண்டுமென்றே ஏதாவது தப்புப் பண்ணி வைக்கலாமா என்றுகூட அறிவிப்பாளர் யோசித்தார். அவசியப்படவில்லை.

அன்று காலை வழக்கம்போல முதுகைத் துடைத்தார். "மாமா, சூடு சரியா?" என்றார். பதில் இல்லை. சரியில்லை போலிருக்கிறது என்று அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் காய்ச்சிக் கொண்டுவந்தார். விரலை விட்டுப் பார்த்தார். இளஞ்சூடு, அவர் வாழ்க்கையில் வைத்த வெந்நீரிலேயே சிறந்தது. மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் புரிந்தது.

பகல் ஒரு மணிக்கு வண்டி வந்தது. தலையிலிருந்து கால் வரை உறை போட்ட இரண்டு பேர் இறங்கினார்கள். "வீட்டாள் நாலு பேருக்கு மேல வரக்கூடாது," என்றார்கள். நாலு பேருக்கு எங்கே போவது? இவர் ஒருவர்தான் ஏறிக்கொண்டார். போய்விட்டுத் திரும்பி, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தபோது மணி மூன்றரை. அப்போது எடுத்ததுதான் அந்த முடிவு.

பத்து நாள் பேச்சும் போனில் இருந்தது. கம்ப்யூட்டரில் இறக்கி முதலிலிருந்து கேட்டார். முழுக்க முழுக்கக் குறை. வெந்நீர், கஞ்சி, ஷேவ், போர்வை, இவர் நடக்கும்போது வருகிற செருப்புச் சத்தம், இவர் நடக்காமல் நிற்கிற விதம். மகளை விசாரிக்கிற நாலைந்து வார்த்தைகள் நடுநடுவே, அரிசியில் கிடக்கிற கல் மாதிரி. அவர் கல்லைப் பொறுக்கிக்கொண்டு அரிசியைக் கொட்டினார். போய்ச் சேர்ந்துவிட்ட மனுஷன் வாயால் இன்னும் திட்டு வாங்குவது மரியாதையாகப் படவில்லை. அவருக்கு மரியாதையா, தனக்கு மரியாதையா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

'சாப்பிட்டேம்மா' கிடைத்தது. 'தூக்கம் வருது' கிடைத்தது. 'நீ உடம்பைக் கவனிச்சுக்க' முழுசாகவே இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

'மாப்பிள்ளைக்கு ஒரு மண்ணும் தெரியல' என்பதிலிருந்து தலையை மட்டும் வெட்டினார். 'நல்லா இருந்த போர்வையைத் துவைச்சே கிழிச்சுட்டார்' என்பதிலிருந்து 'நல்லா'. 'வேலையைக் கவனிக்காம கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்துக்கறார்' என்பதிலிருந்து 'பார்த்துக்கறார்'. இழைத்து, தட்டி, மூச்சுக்கு இடம் விட்டு ஒட்டினார். கேட்டார்.

"மாப்பிள்ளை நல்லாப் பார்த்துக்கறார்."

சாட்சாத் மாமனார் குரல். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறை. மறுபடி கேட்டார். இன்னொரு தடவை. ஏழாவது தடவை துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

"அப்பாகிட்ட குடுங்க."

போனை ஸ்பீக்கர் பெட்டி பக்கம் நகர்த்தினார். கம்ப்யூட்டர் பொத்தானில் விரலை வைத்தார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேம்மா," என்றது பெட்டி. "தூக்கம் வருது. நீ உடம்பைக் கவனிச்சுக்க. மாப்பிள்ளை நல்லாப் பார்த்துக்கறார்."

வார்டில் ஏதோ கருவி விட்டுவிட்டுக் கூவுவது மட்டும் கேட்டது. ஒட்டு தெரிந்துவிட்டதோ என்று இவர் பயந்தார்.

"ம்," என்றாள் டீச்சர். பிறகு, "சரிப்பா. தூங்குங்க." கொஞ்சம் விட்டு, "என்னங்க, நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஓ, நல்லா!"

"இல்ல. சாப்பிடல. போய்ச் சாப்பிடுங்க."

அது ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். பெரியதைக் கண்டுபிடிக்கவில்லை. அறிவிப்பாளர் சுவரோரம் போய் நின்று தையற்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"நம்பிட்டா!"

"டீச்சரா? நிஜமாவா?"

"துளி சந்தேகம் இல்லை."

"உலகம் மாறித்தான் போச்சுண்ணே," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகவே நடந்தது. மறுநாளைக்கு 'இன்னிக்கு வலி இல்ல' என்று ஒன்று தயார் பண்ணினார். அவள் சரியாக வலியைப் பற்றித்தான் கேட்டாள். அதற்கு மறுநாள் அவளே சொன்னாள்: "அப்பாவை ரொம்பப் பேச வைக்காதீங்க. ஒரு வார்த்தை போதும். நான் கேட்டுக்கறேன்." என்ன அதிர்ஷ்டம் என்று நினைத்தார். அதிலிருந்து தினமும் ஒரு வார்த்தை, பதிலுக்கு ஒரு "ம்". சிரிப்பு மட்டும் வரவில்லை. இருமல் குறைந்ததால் சிரிப்பும் குறைந்திருக்கும் என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டார்.

வீட்டில் மற்ற நேரம் சுலபமாக இல்லை. இரண்டு மணிக்கொரு தரம் அவருடைய கால்கள் தாமாகவே முன் அறைக்குப் போயின. புரட்டுவதற்கு ஆளில்லாத கட்டிலின் முன்னால் கைகளை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, தலையணையையாவது இடம் மாற்றி வைத்துவிட்டு வருவார். கஞ்சி வைக்கப் பழகிப்போயிற்று. கல்லாகவும் இல்லாமல் கால்வாயாகவும் இல்லாமல் வந்தது. சொல்ல ஆளில்லை.

இருபதாம் நாள் டீச்சரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். முதலில் உட்கார வைப்பது. பிறகு வெந்நீர். பிறகு 'வயசு' என்று ஆரம்பிப்பது. முன் அறைக் கதவைச் சாத்தி வைத்தார். வண்டியிலிருந்து இறங்கியவள் பாதி ஆளாக இருந்தாள். கையைப் பிடித்தார். பிடிக்கக் கைதான் அதிகமில்லை.

"உள்ள வா. முதல்ல வெந்நீர் குடி. மாமா தூங்கறார்."

"தூங்கட்டும்," என்றாள். நேராகப் போய் அந்தக் கதவைத் தள்ளினாள்.

கட்டில் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்து, விரித்திருந்த விரிப்பை உள்ளங்கையால் நீவினாள். அறிவிப்பாளர் வாசற்படியில் நின்று தொண்டையைச் செருமினார். "வயசுன்னு ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அப்பா இல்லைன்னு."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எப்போலேருந்து?"

"அந்த வியாழக்கிழமை. அஞ்சு மணி."

"யார் சொன்னா? பக்கத்து வீட்டம்மாதானே? டாக்டரம்மாவா?"

"யாரும் சொல்லல. நீங்கதான்."

"நான் மூச்சுக்கூட விடலையே! ஒட்டு ஏதாவது கேட்டுச்சா?"

"ஒட்டு சுத்தமா இருந்துச்சு. அப்படியே அப்பா குரல்."

"அப்புறம் ஏன் தினமும் கேட்டே?"

"குரலாவது இருக்கேன்னுதான். நீங்க வேற அவ்வளவு பாடுபட்டுச் செஞ்சு வெச்சிருந்தீங்க. நான் அழுதுட்டா அங்க எனக்கு மூச்சு போயிடும், இங்க நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. முடிஞ்ச வரைக்கும் தள்ளிப் போட்டேன்."

தள்ளிப் போட்டதெல்லாம் இப்போது வந்தது. விரிப்பை வாரி முகத்தோடு அழுத்திக்கொண்டு அழுதாள். தடுக்க அங்கே டாக்டரம்மா இல்லை. அறிவிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பழகிய கையால் அவள் முதுகைத் தடவினார். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஒட்டும் சரி, குரலும் சரின்னா, எதுலதான் கண்டுபிடிச்சே?"

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சரியாக எழுதி வந்து கடைசி வரியில் கோட்டைவிட்ட பையனைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை நல்லாப் பார்த்துக்கறார்னு உயிரோட இருக்கிற எங்கப்பா சொல்லுவாரா? கஞ்சி சரியில்லைன்னு ஒரே ஒரு குறையை வெட்டாம விட்டிருந்தா, எனக்கு இன்னும் ஒன்பது நாள் அப்பா இருந்திருப்பார்."