அனலுக்கு அத்தாட்சி

வீடு கட்டியவர்களில் ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். இரண்டு பேர் இருந்தால் தெரு தாங்காது. வீட்டில் ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நீங்களும் நானும் நினைப்போம். இவர் அப்படி நினைப்பதில்லை. அந்தக் குறை இருக்கிறது என்பதை, வேலை செய்தவர் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு குறை தீர்ந்தாலும் சரி, தீராவிட்டாலும் சரி. ஒப்புக்கொள்வதற்கு முன்பே தீர்ந்துவிட்டால்தான் ஆபத்து. இந்த இனத்துக்கு 'நிரூபிக்கிறவர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

நிரூபிக்கிறவரை எப்படி அடையாளம் காண்பது? குழாய் ஒழுகினால் நாம் துணியைச் சுற்றிக் கட்டுவோம். அவர் அடியில் வாளியை வைத்து, மணிக்கு எத்தனை டம்ளர் என்று நோட்டில் எழுதுவார். அவருடைய செல்போனில் பிள்ளைகளின் படங்களைவிடச் சுவர் விரிசல்களின் படங்கள் அதிகமாக இருக்கும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒன்று. யாராவது நல்லெண்ணத்தில் அந்த விரிசலில் கொஞ்சம் சிமெண்டை அப்பப் போனால் பதறிப்போவார். "தொடாதீக! அப்படியே இருக்கட்டும்!" இதுதான் அவர் ஓதும் மந்திரம்.

காரைக்குடியில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் முஜிபுர் ரகுமான். பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். குடம், வாளி, நாற்காலி, தார்ப்பாய் என்று அவரிடம் கிடைக்காதது இல்லை. தங்கமான மனிதர், பேச்சில் இனிப்பு, கொடுக்கல் வாங்கலில் நேர்மை. நான் அவருக்கு எதிர்வீடு. எதிர்வீட்டில் குடியிருப்பதற்கு எங்கள் தெருவில் இன்னொரு பெயர், சாட்சி.

அவர் வீட்டில் கீழ்த்தளம் பாதிக்கு மேல் கடைச் சரக்கு. மிச்சத்தில் அவரும் மனைவி நபீஸாவும் புழங்குகிறார்கள். மாடியில் ஒரே ஓர் அறை. மகள் சனாவுக்குத் தலைப்பிரசவம். திருப்பத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தவளை ஏழாம் மாதம் அழைத்து வரவேண்டும், பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்துதான் அனுப்ப வேண்டும், அத்தனை நாளும் அந்த மாடி அறைதான் என்று நபீஸா முடிவுசெய்துவிட்டார். தொட்டிலுக்குத் துணி, குழந்தைக்குத் தொப்பி, காலுறை எல்லாம் தைத்து அடுக்கியாகிவிட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். வெயில் காலத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் இட்லிச் சட்டிக்குள் தலையை விட்டது போல இருக்கும்.

சூட்டைத் தடுக்கச் சாக்கோட்டையில் இருந்து மரிய அந்தோணி என்ற கான்டிராக்டர் வந்தார். மொட்டைமாடியைத் தேய்த்துக் கழுவி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை மூன்று கோட்டிங் அடித்தார்.

"இனிமே பாருங்க பாய். சித்திரையில ஃபேனைப் போட்டீகன்னா போர்வை தேடுவீக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போர்வை தேடவில்லை. முன்பைவிட ஒரு சுற்று சூடு குறைந்திருந்தது என்பது என் கருத்து. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

கான்டிராக்டர்களிலும் ஒரு தனி இனம் உண்டு. அவர்கள் வெக்கையைப் பரிசோதிக்க விடியற்காலை ஆறரை மணிக்கு வருவார்கள். அந்தோணி அப்படித்தான் வருவார். அறைக்குள் போய், கண்ணை மூடி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலச் சுவரில் உள்ளங்கையை வைப்பார்.

"எங்க பாய் சூடு? ஜில்லுங்குது."

"மத்தியானம் வாங்க அந்தோணி. மத்தியானம் வந்து பாருங்கன்னுதானே சொல்றேன்."

"மத்தியானம் ஊரே சூடுதானே பாய்? அதுக்கு நான் என்ன செய்வேன்? பூச்சு செட் ஆகணும். நாலு வெயில் குடிச்சிருச்சின்னா சரியாயிரும்."

நாலு வெயில் என்பது எத்தனை நாள் என்று அந்தோணியும் சொல்லவில்லை, வெயிலும் சொல்லவில்லை. முஜிபுர் ரகுமான் ஒரு நோட்டுப் போட்டார். கொரோனா காலத்தில் கடைக்கு வருகிறவர்களின் நெற்றியில் நீட்டுவதற்காக வாங்கிய வெப்பமானித் துப்பாக்கியைப் பரணில் இருந்து தேடி எடுத்தார். காலையும் மாலையும் சுவரைச் சுட்டார். கூரையைச் சுட்டார். ஒப்பிடுவதற்காக என் நெற்றியையும் சுட்டார். அந்தோணியிடம் நோட்டை நீட்டியபோது அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆளுக்குப் பாக்குற மிசினுல்ல பாய்? செவுத்துக்குக் காய்ச்சல்னா கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்."

அதன் பிறகு மனித சாட்சிகள் தேவைப்பட்டார்கள். பகல் இரண்டு மணிக்கு என்னை அந்த அறைக்குள் பத்து நிமிடம் உட்காரவைத்து, 'மிகவும் சூடாக இருந்தது' என்று நோட்டில் கையெழுத்து வாங்கினார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அந்தோணி என்னைப் படுக்கையில் இருந்து எழுப்பி, அதே அறைக்கு அழைத்துப்போய், 'குளிர்ச்சியாக உள்ளது' என்று ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கினார். இரண்டிலும் உண்மையைத்தான் எழுதினேன். ஊரில் என்னைப் போல நேர்மையான சாட்சி கிடைப்பது அபூர்வம்.

சித்திரை பிறந்தது. சனாவும் வந்து சேர்ந்தாள். மாடி அறையில் கட்டில் போட்டு, பக்கத்தில் மண்பானையில் தண்ணீரும் வைத்தார் நபீஸா. பெண் முதுகைச் சாய்த்துப் படுத்தால் விரிப்பு நனைகிறது, எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. முஜிபுர் ரகுமான் மகளை உயிராக நினைப்பவர். அவளை அப்படிப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உடனே துப்பாக்கியை எடுத்தார்.

"முப்பத்தொம்பது! பாத்தியாம்மா, நீ வந்த நேரம், ஒரு பாயிண்டு ஏறியிருக்கு!"

இடையில் ஒரு நாள் பிற்பகல் கோடை மழை பிடித்துக்கொண்டு அடித்தது. தெருவே வாசலுக்கு வந்து நனைந்தது. ஒருவர் மட்டும் கடை ஷட்டருக்குக் கீழே, கேஸ் தோற்றவர் போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அவர் பயந்தது போலவே, அரை மணி நேரத்தில் அந்தோணி சாக்கோட்டையில் இருந்து மழைக்கோட்டோடு வந்து இறங்கினார்.

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தீகளே பாய், பகல்ல வரச் சொல்லி. வந்துட்டேன். எங்க சூடு?"

அன்று வார்த்தை தடித்தது. போகிற போக்கில் அந்தோணி ஒரு புதுக் குற்றச்சாட்டையும் போட்டுவிட்டுப் போனார். மொட்டைமாடியில் துணி காயப்போட்டு, ஆள் நடந்து நடந்து பூச்சு தேய்ந்துவிட்டது, தப்பு வீட்டுக்காரர் மேல்தான் என்றார்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கத்திவிட்டு விட்டுவிடுவோம். நிரூபிக்கிறவர் அப்படி விடுவாரா? ஒரு காலடிகூடப் படவில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அது கலையாமல் இருக்கவும் வேண்டும். மறுநாள் கடையில் இருந்து நாலு பெரிய தார்ப்பாய்களை எடுத்து வந்து, மொட்டைமாடி முழுவதும் ஓரம் விடாமல் விரித்து, சுற்றிச் செங்கல் அடுக்கி, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தார்ப்பாய் என்ன நிறம்? கருப்பு.

வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு, வெயிலைக் குடித்துச் சேர்த்துவைக்கும் கருப்புத் தார்ப்பாய்க்குக் கீழே பத்திரமாக இருந்தது. மறுநாள் துப்பாக்கி நாற்பத்திரண்டு காட்டியது. எங்கள் தெருவில் அன்றைக்கு அவரைப் போலச் சந்தோஷமாக இருந்தவர் யாருமில்லை. வாளி வாங்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்.

"கருப்பைப் போட்டு மூடுனா சூடு ஏறாம என்ன செய்யும்?" என்றார் நபீஸா. "எடுத்துப் போடுங்க. புள்ள வேகுது."

"அது சீலு நபீஸா. சீல் வச்ச எடத்துல கை வைக்கக் கூடாது."

திருப்பத்தூரில் இருந்து மருமகன் வாஹித் போன் செய்தார். முஜிபுர் ரகுமான் ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"மாமா, ஒரு ஏசி வாங்கி அனுப்பிர்றேன். நாளைக்கே மாட்டிரலாம்."

"ஏசி போட்டா சூடு கொறஞ்சிரும்ல மாப்ள?"

"கொறையணும்னுதானே மாமா போடுறோம்?"

"கொறைஞ்சா அந்தோணிக்கு நான் எதைக் காட்டுறது?"

 வாஹித், "சரிங்க மாமா" என்றார். அந்த 'சரி'யில் என்ன இருந்தது என்று நிரூபிக்கிறவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனால் அதற்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

கடைசியில் நபீஸாவே அந்தோணிக்குப் போன் செய்தார். "அண்ணே, வயித்துப் புள்ளக்காரிண்ணே. உங்க ரெண்டு பேரு சண்டையில அது காயுதுண்ணே" என்று அழுதார். அந்தோணி இரக்கமுள்ளவர். அக்னி நட்சத்திரம் பார்க்காமல், பகல் ஒன்றரை மணிக்கு வந்துவிட்டார். வழக்கம்போல சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மூன்று பேரும் மேலே ஏறினோம். சனா மாடி அறை வாசற்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "அத்தா, இன்னைக்காவது முடிச்சிருங்கத்தா" என்றாள். "இன்னைக்கு முடிஞ்சிரும்மா" என்று சொல்லி, இடுப்பில் இருந்து சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்ததும் நான் படிக்கட்டு நிழலிலேயே நின்றுகொண்டேன். அவர்கள் இருவரும் தார்ப்பாய் மேல் நடந்து போனார்கள். அந்தோணி நாலு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் துள்ளினார்.

"ஆத்தாடி! என்ன பாய் இது? வெயிலு மேலயே போகட்டும்னு நான் வெள்ளையடிச்சா, அதைக் கருப்பால மூடி வச்சிருக்கீக! தார்ப்பாய் தோசைக்கல்லால்ல காயுது! அப்புறம் கீழ சூடு எறங்காம என்ன செய்யும்?"

முஜிபுர் ரகுமானுக்குச் சுருக்கென்றது. அந்தோணி சொல்வதை ஒப்புக்கொண்டால் மூன்று மாத நோட்டு வீண். அதோடு, அது அவர் கடைச் சரக்கு.

"எது காயுது? என் தார்ப்பாயா? மொதத் தரச் சரக்கு. இந்தா, மேலதானே நிக்கிறேன். ஜில்லுன்னு இருக்கு."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மூன்று மாதமாகச் சூடு சூடு என்று கத்தியவர் ஜில்லென்கிறார்; ஜில் ஜில் என்று சாதித்தவர் சூடு என்று குதிக்கிறார். இந்த ஒரு திருப்பத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போயிருக்கலாம். போகவில்லை.

"ஜில்லுன்னு இருக்கா? அப்ப அசையாம நில்லுங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு அந்தோணி நிழலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு என்ன, சூடு என்று சொன்னவர்.

"நிப்பேன். அஸர் தொழுகை வரைக்கும் நிப்பேன்."

நின்றார். முகம் சிவந்தது, கால்விரல்கள் மட்டும் உள்ளே சுருண்டுகொண்டன. அப்போது கீழே ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாஹித் இறங்கினார். சனா எப்போது படியிறங்கிப் போனாள் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நபீஸா ஒரு பையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். அதன் வாய் வழியே தொட்டில் துணி தெரிந்தது. சனா இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நெற்றிக்கு மேல் இன்னொரு கையைக் குடையாகப் பிடித்து, அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தா, நான் திருப்பத்தூருக்கே போறேன். அங்கயே பெத்துக்கிறேன். அம்மாவும் வருது."

"ஏம்மா, என்னம்மா திடீர்னு?"

"கீழ வாங்கத்தா. சொல்லிட்டுப் போறேன்."

அவர் மகளைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். நிழலில் உட்கார்ந்திருந்த அந்தோணியைப் பார்த்தார். காலை எடுத்தால் தார்ப்பாய் சூடு என்று ஆகிவிடும்.

"ரெண்டே நிமிசம்மா. இந்தாளு ஒப்புக்கிட்டதும் வந்துர்றேன்!"

சனா ரெண்டு நிமிடத்துக்கும் மேலேயே நின்றாள். பிறகு நபீஸா அவள் தோளைத் தொட்டு வண்டிக்குள் ஏற்றினார். நபீஸா மேலே திரும்பிப் பார்க்கவே இல்லை. கார் தெருமுனை திரும்பும்வரை முஜிபுர் ரகுமான் தார்ப்பாய் மேல் நின்றபடியே கையாட்டினார். அதுவரை எனக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஓடிப் போய் அவரைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியிருக்கலாம். நான் போகவில்லை, சாட்சி குறுக்கிடக் கூடாது என்று எனக்குள் ஒரு நினைப்பு.

உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துப் போயின. டாக்டரிடம், "புதுச் செருப்பு கடிச்சிருச்சு" என்று சொன்னார். டாக்டர், "உள்ளங்காலையா?" என்று கேட்டுவிட்டு, மருந்தை எழுதிக் கொடுத்தார். ஜூன் மாதம் திருப்பத்தூரில் பேத்தி பிறந்தாள். நொண்டி நொண்டிப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தார். செல்போனில் படத்தைக் காட்டினார். "தூங்குது பாருங்க. நம்ம ரூம்புல தூங்க வேண்டிய புள்ள" என்றார். சற்றுப் பொறுத்து, "நான்தான் காரணம்னு அந்தோணி அவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே தார்ப்பாயை எடுத்துர்றேன்" என்றார். தார்ப்பாய் அங்கேயேதான் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'நான் அந்த இனம் இல்லை' என்கிறீர்கள். நானும் இல்லை, அதற்கு என்னிடம் தேதிவாரியாக ஆதாரம் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். ஆனால் அண்ணன் தம்பியோடு, பக்கத்து வீட்டுக்காரரோடு, கட்டிய மனைவியோடு நீங்கள் நியாயம் பேசிக்கொண்டிருக்கும்போது, நியாயம் முழுக்க உங்கள் பக்கமே இருக்கும்போது, கீழே ஏதாவது வண்டி வந்து நிற்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பாருங்கள். நின்றால், இறங்கிப் போங்கள். அதற்கு முதலில் காலை எடுக்க வேண்டும். உங்களால் முடிகிறதா, பாருங்கள்.