பாறை இருப்பது எனக்கு முன்னாடியே தெரியும்

குழி தோண்டி முடித்த பிறகு, "கீழ பாறை இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லாத மனிதரை எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் பார்த்ததில்லை. தோண்டுவதற்கு முன்னால் அதே ஆளைக் கேட்டால் வானத்தைப் பார்ப்பார், பூமியைப் பார்ப்பார், டீ குடிக்கலாமா என்பார். இதை யாரும் பெரிய பாவமாக நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை, ஒரு ஜட்ஜ் முன்னால் எழுந்து நின்று அதைச் சொல்லித் தொலைக்கும் வரைக்கும்.

அப்போது நான் படிப்பை முடித்த கையோடு என் தாய்மாமாவிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். மாமா ஓசூரில் அரசாங்கக் கான்ட்ராக்டர். அஞ்செட்டிப் பக்கம் ஓடைமேல் ஒரு பாலம் கட்டும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. அஸ்திவாரம் போகும் ஆழம் வரைக்கும் வெறும் மண்தான் என்று வேலை கொடுத்த அரசுத் துறையின் மண் பரிசோதனை அறிக்கை சொன்னது. அதை நம்பித்தான் மாமா டெண்டர் போட்டார். துளை போடும் மெஷினை இறக்கிய அன்றைக்கே, சித்தூர்க்கார ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "கிந்த அந்தா பண்ட சார்" என்றார். கீழே பூராவும் பாறையாம். வேலை இழுத்துக்கொண்டே போனது. தாமதம் உங்களால்தான் என்று துறை கான்ட்ராக்டை ரத்து செய்து, மாமா பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றிவிட்டது.

மாமாவுக்கு அது தாங்கவில்லை. தான் கட்டிய பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில் வண்டி ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். கல்யாண வீட்டில் யாராவது "இப்ப எங்க வேலை ஓடுது?" என்று கேட்டால் பந்தியில் உட்காராமலே திரும்பிவிடுவார். அத்தைதான் தட்டோடு பின்னாலேயே அலைவார்.

விவகாரம் நடுவரிடம் போனது. அவர் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்து விசாரித்து, தப்பு அறிக்கையில்தான், கான்ட்ராக்டர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்புக் கொடுத்தார். அன்றைக்கு மாமா காருக்குள் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். ஆனால் துறை விடவில்லை. அந்தத் தீர்ப்பையே ரத்து செய்யச் சொல்லி கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போனது. நடுவர் தீர்ப்பு நிலைத்தால் மாமா பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். இல்லையென்றால் அவர் தொழில் அன்றோடு சரி.

எங்கள் வக்கீல் அம்மா கோர்ட் வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். "தம்பி, இன்னிக்கு யாரும் வாயத் திறக்கக் கூடாது. நடுவர் சட்டத்தை மீறிட்டாரான்னு மட்டும்தான் ஜட்ஜ் பார்ப்பார். பாலத்தை இங்க யாரும் மறுபடி கட்டப் போறதில்ல."

எனக்கு அது பிடிக்கவே இல்லை. பாலத்தைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருத்தன் இருக்கும்போது அவனைக் கேட்காமல் என்ன பெரிய கோர்ட்? (பையில் ஒரு பாறைத் துண்டைக்கூட எடுத்துப் போயிருந்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். என் வாயையும் வாங்கி வைத்திருக்கலாம்.)

துறையின் வக்கீல் பேச ஆரம்பித்தார். இந்த மாவட்டத்தில் எங்கே கடப்பாரை போட்டாலும் பாறைதான் வரும், இதுகூடத் தெரியாத ஓர் இன்ஜினியர் கையில் பாலத்தை ஒப்படைத்திருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். இளங்கன்று, ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எழுந்துவிட்டேன்.

"தெரியும் ஐயா. டெண்டர் போடறதுக்கு முன்னாடியே எங்க மாமாகிட்ட சொன்னேன்."

அறிக்கையை நம்பி ஏமாந்தோம் என்பதுதான் எங்கள் கட்சி. அதன் தலையில் நான் எழுந்து நின்று கல்லைப் போட்டிருந்தேன். வக்கீல் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். துறையின் வக்கீல், இதற்குமேல் தான் வாதாட ஒன்றுமில்லை என்று சிரித்தபடி உட்கார்ந்தார். ஜட்ஜ் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்றுகூடக் கேட்காமல், உட்காரச் சொன்னார். தீர்ப்பைத் தள்ளி வைத்தார். மாமா மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது சூளகிரி வரைக்கும் மாமா ரோட்டையே பார்த்து வண்டி ஓட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீக்கடையில் நிறுத்தி, டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"மாப்ள, நீ எப்படா என்கிட்ட சொன்ன?"

நான் சொல்லவே இல்லை. துளை போட்ட அன்றைக்கு ஆபரேட்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு வக்கீல் என்னை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக மாமாவை அத்தனை பேர் முன்னால் பொய்யராக்கியிருந்தேன். சொல்லும்போது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது, அதுதான் கொடுமை. "சொல்லல மாமா" என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதை அப்படியே குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

தீர்ப்பு வரும் வரைக்கும் நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அத்தை சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

கடைசியில் துறையின் மனு தள்ளுபடி ஆனது. சாட்சியத்தை மறுபடி எடை போடுவது இந்தக் கோர்ட்டின் வேலை இல்லை, நடுவர் முன்னால் வராத எதையும் இங்கே புதிதாகக் கேட்க முடியாது என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். அதாவது, என்னைக் கேட்காத கோர்ட் என்ன கோர்ட் என்று நான் பொருமினேனே, அது என்னைக் கேட்காததால்தான் மாமா பிழைத்தார். வக்கீல் அம்மா இதை மாமாவுக்கு போனில் விளக்கிவிட்டு, அந்தப் பையன் இருக்கிறானா என்று விசாரித்தாராம்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் கேஸ் சிலிண்டர் தீர்ந்தாலும், டயர் பஞ்சரானாலும், மழை வந்து துணி நனைந்தாலும் யாராவது ஒருத்தர் எழுந்து நின்று கைகட்டிச் சொல்வார்கள்: "தெரியும் ஐயா, முன்னாடியே மாமாகிட்ட சொன்னேன்." என் பெண்ணுக்கு ஐந்து வயது. அவளும் சொல்கிறாள்.

மாமா மட்டும் அந்தச் சிரிப்பில் சேர்ந்ததில்லை. பட்டியலிலிருந்து பெயர் நீங்கிய பிறகு வந்த முதல் டெண்டர் சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு சிறிய பாலம். இடம் பார்க்க என்னைத்தான் கூட்டிப் போனார். ஓடைக்கரையில் நின்று, காலால் மண்ணைத் தட்டிக் காட்டினார்.

"இப்ப சொல்லு மாப்ள. கீழ என்ன இருக்கு?"

நான் ரொம்ப நேரம் மண்ணையே பார்த்தேன். "தெரியல மாமா. நாமளே துளை போட்டுப் பாத்துடலாம்."

"இத அன்னிக்கே அந்த வக்கீல்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார் மாமா. அப்புறம் என் தோளில் கை வைத்துக்கொண்டு மேடேறினார்.